பாடியவர் பெயர் எங்கே? கரிசல் வட்டாரப் பாடல்களின் இணைய விற்பனையும் உரிமைப் பதிவும்

ஆய்வுச் சுருக்கம்

சுயாதீன இசைக்கலைஞர்கள் தம் பாடல்களை இணையத்தில் தாமே விற்கலாம் என்னும் வாய்ப்பு, இடைத்தரகரிடமிருந்து கிடைத்த விடுதலையாகப் பொதுவாகப் பேசப்படுகிறது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய கரிசல் வட்டாரத்தின் பாடல் வரலாற்றை முன்வைத்து இக்கருத்தை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. அச்சு, இசைத்தட்டு, இணையம் ஆகிய மூன்று ஊடகங்களிலும் பாடலின் வருவாயைத் தீர்மானித்தது பரவல் அன்று, பதிவே என்பது இதன் வாதம். நா. வானமாமலையின் நாட்டுப்பாடல் தொகுப்பில் உள்ள பதிவுமுறையை இன்றைய இசைத்தளங்களின் பதிவுமுறையோடு ஒப்பிட்டு, வாய்மொழிக் கலைஞர்களுக்கு உரிய இடம் எது என்பதைக் கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கரிசல் வட்டாரம், நாட்டுப்பாடல், பதிப்புரிமை, நிகழ்த்துநர் உரிமை, இசைத்தளம், மீதரவு.

முன்னுரை

கரிசல் நிலம் மழையை நம்பிய மானாவாரி நிலம். பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளையும் இந்நிலத்தில் வேளாண்மைக்கு ஓய்வுள்ள மாதங்களே கோயில் கொடைகளுக்கும் கூத்துகளுக்கும் உரியவை. வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், கரகாட்டம், கும்மி, ஒப்பாரி எனப் பல வடிவங்களில் இங்குப் பாடல் வாழ்ந்துவருகிறது. இவற்றைப் பாடுவோரின் வருவாய் பெரும்பாலும் கொடை மேடையிலிருந்தே வருகிறது. அச்சாரம் கொடுத்து நாள் குறிக்கும் அந்த ஏற்பாட்டிற்கு வெளியே பாடலுக்கென ஒரு நிலையான வருவாய் இவர்களுக்கு இருந்ததில்லை.

இன்று அதே பாடல் கைப்பேசியில் பதிவாகி யூடியூபில் ஏறுகிறது. ஸ்பாட்டிஃபை முதலிய இசைத்தளங்களில் கேட்கக் கிடைக்கிறது. ஆகவே, கலைஞர் தம் பாடலைத் தாமே விற்றுப் பிழைக்கலாம் என்னும் நம்பிக்கை எழுந்துள்ளது. இந்நம்பிக்கை முற்றிலும் பொய்யன்று. ஆயினும் விற்பவர் யார், விற்கப்படுவது எது, வருவாய் எவர் பெயரில் வரவு வைக்கப்படுகிறது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காணாமல் அதனை ஏற்க இயலாது.

பாட்டுக்கு விலை

நாட்டுப்பாடலை விற்பது அதன் இயல்புக்கு மாறானது என்னும் கருத்து ஆய்வாளரிடையே உண்டு. பாடல் சமூகத்தின் பொதுச்சொத்து, விலை வந்ததும் அது பண்டமாகிவிடுகிறது என்பது இதன் சாரம். வரலாறு இக்கருத்தை முழுமையாக ஆதரிக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கொலைச்சிந்து, விபத்துப் பாட்டு, கும்மி முதலியன மலிவுப் பதிப்புகளாக அச்சாகிச் சந்தைகளிலும் முச்சந்திகளிலும் விற்கப்பட்டன. பாடியவரே விற்பவராகவும் இருந்தார். பாடிக் காட்டிக் கூட்டத்தைச் சேர்ப்பதும் கூடியவரிடம் புத்தகத்தை விற்பதும் ஒரே தொழிலின் இரு பகுதிகள். இந்த முச்சந்தி இலக்கியத்தை ஆ. இரா. வேங்கடாசலபதி விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இதனின்று இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, பாடலை விலைக்கு விற்பது இணையம் கொண்டுவந்த புதுமை அன்று. இரண்டாவது, அன்றைய விற்பனையில் கேட்டவரும் வாங்கியவரும் ஒருவரே. காசு கைமாறியது பாடியவரின் கண்முன்னே. இன்றைய இசைத்தளத்தில் கேட்பவர் ஓரிடத்தில் சந்தா செலுத்துகிறார், அல்லது விளம்பரத்தைப் பார்க்கிறார். அப்பணம் பல கணக்குகளைக் கடந்து, உரிமையாளர் எனப் பதிவாகியிருப்பவரைச் சென்றடைகிறது. எனவே விமர்சனத்திற்கு உரியது விற்பனை அன்று. பதிவே விமர்சனத்திற்கு உரியது.

எட்டயபுரம் தரும் முன்னுதாரணங்கள்

பாடலும் ஊடகமும் உரிமையும் சந்திக்கும் வரலாற்றில் எட்டயபுரத்துக்குத் தனியிடம் உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் இவ்வூரில் மறைந்தார். அவர் மரபில் வந்த சுப்பராம தீட்சிதர் தொகுத்த சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி 1904இல் எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சகத்திலிருந்து தெலுங்கு எழுத்தில் வெளிவந்தது. சமஸ்தான ஆதரவால் அச்சேறிய இப்பெருநூல் கீர்த்தனைகளைச் சுரக்குறிப்போடு தந்ததுடன் அவற்றை இயற்றியோரின் வரலாற்றையும் சேர்த்தே தந்தது. எவர் இயற்றியது, எந்த மரபு வழியாக வந்தது என்பது பாடலோடு சேர்த்துப் பதிவாயிற்று. அரண்மனைக்கு வெளியே களத்துமேட்டிலும் கொடையிலும் பாடப்பட்டவை அந்நூலின் எல்லைக்குள் வரவில்லை. பதிவு எதைக் காக்கிறது என்பதைப் போலவே எதை விடுகிறது என்பதும் கருதத்தக்கது.

அதே ஊரில் 1882இல் பிறந்த பாரதியின் வாழ்க்கை இரண்டாம் முன்னுதாரணத்தைத் தருகிறது. 1920இல் கடையத்தில் இருந்தபோது தம் எழுத்துகளை நாற்பது நூல்களாக, ஒவ்வொன்றும் 10,000 படிகள் வீதம் அச்சிட்டு விற்கும் திட்டமொன்றை அவர் வகுத்து, நண்பர்களிடம் முதலீடு கோரிச் சுற்றறிக்கை விடுத்தார். தீப்பெட்டியையும் மண்ணெண்ணெயையும் போல நூல்கள் எளிதாக விலைபோகும் என்று அவர் நம்பினார். இன்று கூட்டுநிதி எனப்படும் முறைக்கு மிக நெருங்கிய திட்டம் அது. முதலீடு சேரவில்லை, திட்டம் நிறைவேறவில்லை. இடைத்தரகரைத் தவிர்க்க விரும்பிய படைப்பாளிக்கு அச்சகமும் விநியோகமும் முன்பணமும் வேண்டியிருந்தன.

மூன்றாவது முன்னுதாரணம் பாரதியின் மறைவுக்குப் பிந்தையது. அச்சுரிமை குடும்பத்தாரிடமும் பாரதி பிரசுராலயத்திடமும் இருந்த காலத்தில், பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை தனியே பிரிக்கப்பட்டுச் சில நூறு ரூபாய்க்கு ஒரு வணிகருக்கு விற்கப்பட்டது. பின்னர் அது பன்மடங்கு கூடிய விலைக்கு ஏ.வி. மெய்யப்ப செட்டியாரிடம் சென்றது. 1947இல் வெளிவந்த நாம் இருவர் திரைப்படத்தில் பாரதி பாடல்கள் பெற்ற வரவேற்பு அவ்வுரிமையின் மதிப்பைக் காட்டியது. டி.கே.எஸ். சகோதரர்களின் பில்ஹணன் படத்தில் பாரதி பாடல் இடம்பெற்றபோது உரிமைப் பூசல் எழுந்தது. மக்கள் கோரிக்கை வலுத்த சூழலில் 1949இல் சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையை ஏற்றது. மெய்யப்ப செட்டியார் தம்மிடமிருந்த உரிமையை விட்டுக்கொடுத்தார்.

இந்நிகழ்வு பெரும்பாலும் நாட்டுடைமையின் வெற்றிக் கதையாகவே சொல்லப்படுகிறது. அதன் மற்றொரு பக்கமும் நோக்கத்தக்கது. புதிய ஊடகம் ஒன்று வளரத் தொடங்கும் காலத்தில் அதன் உரிமைக்கு மதிப்பில்லை என்று எண்ணி விற்றுவிடுகின்றனர். மதிப்பு தெரியும் காலத்தில் உரிமை கைமாறிப் போயிருக்கிறது. 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தம் இதற்கே தீர்வு காண முயன்றது. ஒப்பந்தம் செய்யும் காலத்தில் இல்லாத அல்லது வணிகப் பயன்பாட்டுக்கு வராத ஊடகத்துக்கு, அதனைக் குறிப்பிட்டுச் சொன்னாலன்றி உரிமை மாற்றம் செல்லாது என்று 18ஆம் பிரிவு இன்று கூறுகிறது. காலவரையறை சொல்லப்படாத உரிமை மாற்றம் ஐந்தாண்டுக்கே செல்லும் என்பதும், நிலவெல்லை சொல்லப்படாவிடில் அது இந்தியாவுக்கு மட்டுமே பொருந்தும் என்பதும் 19ஆம் பிரிவின் விதிகள். கைப்பேசித் திரையில் ஒப்புதல் குறியைத் தொட்டுப் பாடலைப் பதிவேற்றும் கலைஞர் ஒவ்வொருவரும் உடன்படும் நீண்ட நிபந்தனைகளை இவ்விதிகளின் ஒளியில் படிக்க வேண்டும்.

உதவியவர், சேகரித்தவர், இடம்

நா. வானமாமலை தொகுத்த தமிழர் நாட்டுப்பாடல்கள் 1964இல் வெளிவந்தது. இத்தொகுப்பில் பல பாடல்களின் அடியில் உதவியவர், சேகரித்தவர், இடம் என மூன்று குறிப்புகள் காணப்படுகின்றன. கரிசல் பகுதிப் பாடல்கள் பலவற்றைச் சேகரித்தவர் எஸ்.எஸ். போத்தையா, விளாத்திகுளம் வட்டாரம் அவற்றின் இடமாகக் குறிக்கப்படுகிறது. ஒரு பாடல் எந்த ஊரில், எவர் வாயிலிருந்து, எவர் கையால் ஏட்டுக்கு வந்தது என்பதை அச்சு நூல் ஒரு வரிக்குள் காத்துவைத்தது.

இக்குறிப்பு முறையையும் விமர்சனத்துக்கு உட்படுத்த வேண்டும். பாடலைப் பாடிக் கொடுத்தவர் இங்கு உதவியவர் என்னும் தகுதியையே பெறுகிறார். ஆக்கியவர், பாடியவர் என்னும் பெயர்கள் அவருக்கு இல்லை. பாடல் மக்களுடையது, பாடுபவர் அதனை ஏந்திவருபவர் என்னும் கோட்பாடு இச்சொல்லுக்குப் பின் நிற்கிறது. அக்கோட்பாடு வர்க்க நோக்கில் நியாயமுடையது. ஆயினும் பழம்பாடலில் தம் ஊரையும் தம் துயரையும் சேர்த்துப் பாடும் ஒருவர் வெறும் ஏந்தி அல்லர். ஒப்பாரி பாடும் பெண் ஒவ்வொரு சாவிலும் புதிதாக இயற்றுகிறார். வில்லுப்பாட்டுப் புலவர் கதையின் எலும்பை மரபிலிருந்து பெறுகிறார். தசையைத் தாமே தருகிறார்.

இத்தகைய குறையோடும் 1964இன் நூல் செய்ததை இன்றைய இசைத்தளம் செய்வதில்லை. தளத்தில் ஒரு பாடலோடு செல்லும் விவரங்களின் தொகுதி மீதரவு எனப்படும். பாடலின் பெயர், முதன்மைக் கலைஞர், இயற்றியவர், இசையமைத்தவர், வெளியீட்டாளர், பதிவுக்குரிய பன்னிரண்டு எழுத்தெண் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. குறியீடு ஆகியன அதில் இடம்பெறும். இடம் என்பதற்கும் பாடல் பெற்ற மூலப் பாடகருக்கும் அங்குக் கட்டாயமான கட்டம் இல்லை. இயற்றியவர் என்ற கட்டத்தில் மரபு என்று நிரப்பிவிட்டால் பாடல் உரிமையாளர் அற்றதாகிறது. ஒலிப்பதிவின் உரிமையோ வெளியிட்டவரிடம் முழுமையாகச் சேர்கிறது. மரபு என்ற சொல் மேடையில் பெருமையாகவும் படிவத்தில் இழப்பாகவும் இயங்குகிறது.

2021 மார்ச்சில் வெளிவந்த எஞ்சாய் எஞ்சாமி இதன் கூர்மையான எடுத்துக்காட்டு. அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் தோட்டத் தொழிலாளர் வாழ்க்கையும் ஒப்பாரி மரபும் அப்பாடலின் ஊற்றுகள். அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன் ஆகியோரில் எவர் பங்கு எவ்வளவு என்பது பற்றி 2022இல் வெளிப்படையான விவாதம் எழுந்தது. 2024இல் சந்தோஷ் நாராயணன், அப்பாடலிலிருந்து தமக்கும் மற்ற இருவருக்கும் வருவாய் வந்து சேரவில்லை என்று பொதுவெளியில் அறிவித்தார். உலகெங்கும் கோடிக்கணக்கில் கேட்கப்பட்ட, கலைஞர்கள் அனைவரும் அறியப்பட்டவர்களாக இருந்த பாடலின் நிலை இது. கொடை மேடையில் பாடும் பெயர் தெரியாத ஒருவரின் நிலையைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

சட்டத்தின் பார்வையில் பாடல்

ஒரு பாடல் சட்டத்தின் பார்வையில் ஒரே பொருள் அன்று. சொற்கள் இலக்கியப் படைப்பு, மெட்டு இசைப்படைப்பு, பதிவு ஒலிப்பதிவு, பாடுதல் நிகழ்த்துகை. நான்கிற்கும் உரிமையாளர் நால்வராக இருக்கலாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இசைப்படைப்பை அச்சிலோ எழுத்திலோ வரைவடிவிலோ அமைந்ததாகவே முதலில் வரையறுத்தது. எழுதப்படாத மெட்டுக்கு அங்கு இடமில்லை. 1994ஆம் ஆண்டுத் திருத்தமே அந்த நிபந்தனையை நீக்கியது. நிகழ்த்துநர் உரிமை என்பதும் அத்திருத்தத்தின் வழியே சட்டத்தில் நுழைந்தது. ஏட்டில் எழுதாமல் வாயால் பாடிய கலைஞர் சட்டத்தின் கண்ணில் தென்பட ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின.

2012ஆம் ஆண்டுத் திருத்தம் மேலும் ஒரு படி சென்றது. தம் நிகழ்த்துகையைப் பதிவுசெய்யவும் பரப்பவும் அனுமதி தரும் உரிமையையும், வணிகப் பயன்பாட்டில் உரிமத்தொகை பெறும் உரிமையையும் 38ஏ பிரிவு நிகழ்த்துநருக்கு அளிக்கிறது. நிகழ்த்துநராகத் தம் பெயர் குறிக்கப்பெறும் உரிமையை 38பி பிரிவு அளிக்கிறது. இவற்றோடு முரண்படுவதுபோல் தோன்றும் விதியொன்றும் சட்டத்தில் உண்டு. ஒலிப்பதிவின் ஆக்கியோர் அதன் தயாரிப்பாளரே. தயாரிப்பாளர் என்பவர் பதிவுக்கு முன்முயற்சியும் பொறுப்பும் ஏற்றவர்.

இவ்விதிகளைக் கொடை மேடையில் பொருத்திப் பார்த்தால் நிலைமை தெளிவாகும். வில்லுப்பாட்டைக் கைப்பேசியில் பதிந்து தம் யூடியூப் பக்கத்தில் ஏற்றும் இளைஞர், ஒலிப்பதிவின் ஆக்கியோர் எனத் தம்மைக் கருதிக்கொள்ள இயலும். பாடிய புலவரும் உடுக்கையும் குடமும் இசைத்தோரும் பின்பாட்டுக்காரரும் நிகழ்த்துநர்கள். அவர்களின் இசைவின்றி அப்பதிவு உரிமை மீறலாகும். சட்டம் கலைஞர் பக்கமே நிற்கிறது. ஆனால் தளத்தின் கணக்கோ பதிவேற்றியவர் பக்கம் நிற்கிறது. இளைஞரின் நோக்கம் பெரும்பாலும் தீயதன்று. அவர் பதிந்திராவிட்டால் அப்பாடல் ஊரைத் தாண்டியிருக்காது. எனவே இது திருட்டு என்று எளிதில் முடித்துவிடக் கூடிய செயலன்று. ஒரு பக்கத்தின் உழைப்பு மட்டும் பதிவாகும் ஏற்பாடு என்பதே பொருத்தமான விளக்கம்.

தளங்களின் கணக்கு

இசைத்தள வருவாயின் இயல்பையும் அறிய வேண்டும். ஸ்பாட்டிஃபை இந்தியாவில் 2019இல் அறிமுகமானது. கலைஞர் அதில் நேரடியாகப் பாடலை ஏற்ற இயலாது. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற விநியோக நிறுவனம் ஒன்றின் வழியே செல்ல வேண்டும். இடைத்தரகர் மறையவில்லை, பெயர் மாறியிருக்கிறார். சந்தாவும் விளம்பர வருவாயும் ஒரு பொது நிதியாகத் திரண்டு, மொத்தக் கேட்புகளில் ஒவ்வொரு பதிவும் பெற்ற பங்குக்கேற்பப் பிரிக்கப்படுகின்றன. ஒரு நேயர் மாதம் முழுவதும் வில்லுப்பாட்டை மட்டுமே கேட்டாலும் அவர் செலுத்திய பணம் வில்லுப்பாட்டுக்கே சேரும் என்பதில்லை. அறிமுகக் காலத்தில் இந்தியச் சந்தா மாதம் 119 ரூபாய். அமெரிக்கச் சந்தா 9.99 டாலர். உள்ளூர் நேயரை நம்பிய பாடலின் வருவாய் தொடக்கத்திலேயே சிறுத்துவிடுகிறது. 2024 முதல், முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 1,000 கேட்புகளை எட்டாத பதிவுக்கு ஒலிப்பதிவு உரிமத்தொகை இல்லை என்பதும் விதியாயிற்று. யூடியூபில் விளம்பர வருவாயில் பங்கு பெற 1,000 சந்தாதாரரும் ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையும் (அல்லது 90 நாளில் குறும்படங்களுக்கு ஒரு கோடிப் பார்வையும்) வேண்டும்.

இதற்கு மாற்றாகப் பேண்ட்கேம்ப் போன்ற நேரடி விற்பனைத் தளங்கள் முன்வைக்கப்படுகின்றன. எண்மப் பாடல் விற்பனையில் அத்தளம் 15 விழுக்காடு எடுத்துக்கொள்கிறது. அப்பங்கும் பணப் பரிமாற்றக் கட்டணமும் போக எஞ்சியது கலைஞருக்குச் சேரும். வாங்குபவர் யார் என்பதும் கலைஞருக்குத் தெரியும். முச்சந்திப் பாட்டுப் புத்தகத்தின் நியாயம் இதில் மீள்கிறது. ஆயினும் அத்தளம் பேபால் வழியே பணம் வழங்குகிறது. பேபால் 2021 ஏப்ரல் முதல் இந்தியாவுக்குள் உள்நாட்டுப் பரிமாற்றச் சேவையை நிறுத்திவிட்டது. கோவில்பட்டிக் கலைஞரின் பாடலைச் சிங்கப்பூரில் இருப்பவர் வாங்குவதைவிடச் சாத்தூரில் இருப்பவர் வாங்குவது கடினமாகிறது. தளமும் நிலையானதன்று, 2022இல் எபிக் கேம்ஸ் நிறுவனத்திடமும் 2023இல் சாங்ட்ரேடர் நிறுவனத்திடமும் அது கைமாறியது. பாடலை விற்கும் கடையே விற்கப்படும் காலத்தில், கலைஞர் தம் மூலப் பதிவையும் வாங்குவோர் பட்டியலையும் தம்மிடமே வைத்திருப்பது இன்றியமையாதது.

இடத்தின் பெயரும் கூட்டுரிமையும்

கரிசல் பாடலின் உரிமையைத் தனிமனித உரிமையாக மட்டும் வரையறுத்தால் சிக்கல் தீராது. முதலில் பதிவு செய்தவர் ஊரின் பாடலைத் தமதாக்கிக்கொள்ளும் வாய்ப்பு அங்கே உண்டு. பொதுச்சொத்து என்று மட்டும் வரையறுத்தாலும் தீராது. பொதுவில் கிடப்பதை முதலீடு உள்ளவரே எடுத்துச் செல்வார். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் நாட்டார் வழக்காற்று வெளிப்பாடுகளுக்கெனத் தனிக் காப்பு இல்லை.

கூட்டுரிமையைச் சட்டம் அறியாததன்று என்பதற்குக் கோவில்பட்டியே சான்று. கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. கரிசல் மண்ணில் விளைந்த நிலக்கடலையும், மிட்டாய் செய்வோரின் கைப்பக்குவமும் ஊரின் பெயரோடு பிணைந்தவை என்பது அதன் அடிப்படை. குறியீடு ஒருவருக்கு மட்டும் உரியதன்று. விதிகளுக்கு உட்பட்டுச் செய்வோர் அனைவரும் அதனைப் பயன்படுத்தலாம். பண்டத்துக்கு உரிய அச்சட்டத்தை அப்படியே பாடலுக்குப் பொருத்த இயலாது. அதன் உள்ளீடான நெறி பொருந்தும்: இடத்தின் பெயர் உரிமையின் ஓர் உறுப்பு. வானமாமலையின் தொகுப்பில் இடம் என்னும் சொல் செய்த வேலையும் இதுவே.

இந்நெறியை நடைமுறையாக்கப் புதிய சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. களப்பதிவு செய்யும் ஆய்வாளரும் பாடலை வெளியிடும் இளைஞரும் நான்கு செயல்களை மேற்கொள்ளலாம். முதலாவது, பதிவுக்கு முன் பாடுவோர் அனைவரிடமும் எழுத்துமூல இசைவு பெறுதல். அதில் ஊடகம், காலம், பங்கு ஆகியவற்றைக் குறித்தல். இரண்டாவது, பாடியவரையும் கருவி இசைத்தவரையும் ஊரையும் மீதரவிலும் விளக்கக் குறிப்பிலும் எழுதுதல். மூன்றாவது, பாடியவர் தாமே சேர்த்த அடிகள் இருப்பின் இயற்றியவர் கட்டத்தில் மரபு என்பதோடு அவர் பெயரையும் இணைத்தல். அப்பெயரை 1969இல் தோன்றிய ஐ.பி.ஆர்.எஸ். போன்ற உரிமைச் சங்கத்தில் பதிவுசெய்ய உதவுதல். நான்காவது, மேடையில் பாடுவோரின் யூபிஐ குறியீட்டைக் காணொளியிலேயே காட்டுதல். சாத்தூர் நேயரின் பத்து ரூபாய் நேராகப் பாடியவர் கணக்கில் சேர அதுவே இன்று குறுகிய வழி.

இப்பொறுப்பில் பல்கலைக்கழக ஆய்வுலகத்துக்கும் பங்குண்டு. நாட்டுப்புறவியல் ஆய்வேடுகளுக்காகத் திரட்டப்பட்ட ஒலிநாடாக்கள் இன்று எண்மமாக்கப்பட்டு வருகின்றன. அவற்றைப் பதிந்த காலத்தில் பெற்ற இசைவு ஆய்வுப் பயன்பாட்டுக்கே உரியது. அவற்றை இணையத்தில் திறந்துவைப்பது அறிவுப் பரவலுக்கு நன்று என்ற வாதம், பாடியவர் வழியினரின் இசைவைக் கேட்காமல் முழுமை பெறாது. தகவலாளி என்ற ஒற்றைச் சொல்லில் பாடகரை அடக்கும் ஆய்வேடு, மரபு என்ற ஒற்றைச் சொல்லில் அவரை அடக்கும் தளத்தைக் குறைகூறும் தகுதியை இழக்கிறது.

முடிவுரை

சமஸ்தான அச்சகத்தின் சுரக்குறிப்பு நூல், நிறைவேறாத நாற்பது நூல்களின் திட்டம், சில நூறு ரூபாய்க்குக் கைமாறிய இசைத்தட்டு உரிமை, ஊர்ப்பெயரைத் தாங்கிய நாட்டுப்பாடல் தொகுப்பு ஆகிய நான்கும் கரிசல் நிலம் சார்ந்தோர் வழியே நமக்குக் கிடைக்கும் பாடங்கள். ஊடகம் மாறும்போதெல்லாம் பாடலின் பரவல் பெருகியது. பெருகிய பரவல் தானாகவே பாடியவரின் வருவாயாக மாறியதில்லை. பெயரும் இடமும் இசைவும் எழுதப்பட்ட இடங்களில் மட்டுமே உரிமை கோருவதற்கு அடித்தளம் இருந்தது.

சுயாதீனக் கலைஞர் இணையத்தில் பாடலை விற்க இயலுமா என்னும் வினாவுக்கு இயலும் என்பதே விடை. ஆனால் அது கொடை மேடையின் வருவாய்க்குத் துணையாகுமேயன்றி அதற்கு ஈடாகாது. அந்தத் துணை வருவாயும் உரியவரைச் சேர வேண்டுமெனில், 1964ஆம் ஆண்டு நூலொன்று பாடலின் அடியில் எழுதிய மூன்று சொற்களை இன்று திருத்தி எழுத வேண்டும்: பாடியவர், பதிந்தவர், இடம். உதவியவர் என்றிருந்தவர் பாடியவர் என்றாகும்போதே கரிசல் பாடல் தன் உரிமையோடு இணையத்தில் நுழையும்.